புளியந்தோப்பு: கதவு எண்ணிக்கையும் அடுப்பு எண்ணிக்கையும்

சென்னைக்கு வரலாறு எழுதியவர்கள் கோட்டையில் தொடங்குவார்கள். கோட்டை, கறுப்பர் நகரம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பிறகு தியாகராய நகர் என்று கதை போகும். புளியந்தோப்பு அதில் தலைகாட்டுவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த ‘கலவரம்’. இன்னொன்று, போலீஸ் செய்தி. இரண்டுக்கும் நடுவில் நூறு வருசம் ஓடியிருக்கிறது. அந்த நூறு வருசத்தில் அங்கே யாரும் சமைக்கவில்லை, பிள்ளை பெறவில்லை, செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பது போல.

நான் அங்கே பிறந்தவள். தமிழ் எம்.ஏ. படித்தபோது பழந்தமிழ் நகரங்கள் என்று ஒரு தாள் இருந்தது. மதுரைக்காஞ்சியில் வரும் நாளங்காடி, அல்லங்காடி பற்றி விழுந்து விழுந்து படித்தோம். புளியந்தோப்புக்கும் அல்லங்காடி உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டுத்தொட்டி வாசலில் போய் நின்றால் தெரியும். ஆடு இறக்குகிறவர்கள், அறுக்கிறவர்கள், தோல் உரிக்கிறவர்கள், குடல் கழுவுகிற பெண்கள், டீக்கடை, இட்லிக்கடை. விடிவதற்குள் நகரத்தின் கறிக்கடைகளுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். எட்டு மணிக்குப் பையோடு கறிக்கடைக்கு வருகிறவர்கள், முந்தின இரவு யார் கண்விழித்தார்கள் என்று கேட்பதில்லை. பேராசிரியரிடம் இதை ஆய்வுத் தலைப்பாகச் சொன்னேன். “இலக்கியத் தரவு இருக்கா?” என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ரயில் பாதை, பேசின் பிரிட்ஜ். ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். ஓட்டேரி நல்லா இந்தப் பக்கமாக வந்துதான் கால்வாயில் விழுகிறது. நிலம் தாழ்வு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் வந்து நின்றது, அந்த இரண்டை மட்டும் பத்திரிகைகள் எழுதின. நாங்கள் வருசா வருசம் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றுகிறவர்கள். தாழ்ந்த நிலத்தைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது கிராமத்துச் சேரிக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நகரமும் அதே கையால்தான் வரையப்பட்டது.

மில் வந்தது 1870களில். பக்கிங்காம் மில் 1876. அடுத்து கர்னாடிக் மில். பிறகு இரண்டும் சேர்ந்து பி அண்டு சி. எங்கள் வாயில் அது என்றைக்கும் பின்னி மில்தான். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆட்டுத்தொட்டி, மாநகராட்சியின் துப்புரவு வேலை என்று கைக்கு வேலை இருந்தது. செங்கல்பட்டு, வட ஆர்க்காடு பக்கத்து கிராமங்களிலிருந்து பண்ணை வேலையை விட்டு வந்தவர்களில் என் பூட்டனும் ஒருவர். ஊரில் மேல்துண்டு போட முடியாதவர், இங்கே மில் சங்கு ஊதினால் எல்லாரோடும் ஒரே வாசலில் நுழையலாம். சம்பளம் காசாகக் கைக்கு வரும். மில் முதலாளி நல்லவன் என்று நான் சொல்லவில்லை. ஆண்டை வீட்டு வாசலில் நெல்லுக்குக் காத்து நின்றவனுக்கு அந்தக் காசு என்னவாக இருந்திருக்கும் என்று மட்டும் யோசிக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் 1921 வருகிறது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் இவர்களின் பெயர்கள் எல்லாத் தொழிற்சங்க வகுப்பிலும் சொல்லப்படும். 1921 கோடையில் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். அக்டோபர் வரை நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அதில் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடிதடி மாதக்கணக்கில் நீடித்தது. ஆகஸ்ட் 29ஆம் தேதி போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். செத்தவர்களும் கூலிக்காரர்கள்தான். அதை மறைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஆனால் இதைச் சொல்லித் தந்த தோழர்கள் ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லித் தந்தார்கள்: கருங்காலி. வர்க்க ஒற்றுமையைக் குலைத்தவர்கள். பத்தொன்பது வயதில் ஒரு பயிற்சி முகாமில் அந்த வார்த்தையைக் கேட்டேன். நான் புளியந்தோப்புக்காரி என்று அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன். ஆயாவுக்கு ஜூன் மாதமும் தெரியாது, அக்டோபரும் தெரியாது. தன் மாமியார் சொன்னது மட்டும் தெரியும்.

“அந்தாண்ட நெருப்பு எரியுது. இந்தாண்ட கால்வா. எங்க ஓடுவ? புள்ளய இடுப்புல இடுக்கினு வியாசர்பாடிக்கு நடந்துச்சாம் கெழவி. அங்க கொட்டாய் போட்டு வெச்சிருந்தாங்களாம். அரிசி குடுத்தாங்களாம். திரும்பி வந்து பாத்தா சட்டி கூட இல்ல. மண்ணு சட்டிம்மா, அத்தக் கூட ஒடச்சிருந்தானுங்க.”

அடுப்புச் சட்டியை உடைத்துவிட்டுப் போனவனிடம் எந்த வர்க்க உணர்வு இருந்தது என்று எந்தத் தோழரும் எனக்கு இன்னும் விளக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் பசி தாங்கப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். ஊரில் காணி, மளிகைக்கடையில் கடன் சொல்ல ஒரு சாதிக்காரன், இப்படி ஏதாவது ஒன்று. மில்லை விட்டால் பண்ணைக்குத் திரும்ப வேண்டியவர்கள் மில்லை விடவில்லை. எம்.சி. ராஜா அவர்களை வேலைக்குப் போகச் சொன்னார் என்பதைத் துரோகமாக எழுதுகிறார்கள். அவர் யாருக்குப் பிரதிநிதி? பட்டினி கிடக்கச் சொல்லுவதற்கா அவரை அனுப்பினார்கள்? நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது, உண்மை. பிளவை நிர்வாகம் உண்டாக்கியது என்று சொல்வதுதான் பொய். அது மில்லுக்கு வருவதற்கு முன்பே தெருவில் இருந்தது.

திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் தம் பக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். நீதிக்கட்சியின் பக்கமும் ஆவணமாக இருக்கிறது. அக்கட்சித் தலைவர்கள் சிலர், அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது. பிராமணரல்லாதார் என்ற ஒரு சொல்லுக்குள் எங்களையும் போட்டு மூடிய காலத்தில், அந்த மூடி முதலில் தெறித்த இடம் புளியந்தோப்பு. எங்கள் பகுதிக்கு ஒரு வரலாற்றுப் பலகை வைப்பதானால் இதைத்தான் எழுத வேண்டும். வைக்க மாட்டார்கள்.

அடுத்த ஐம்பது வருசத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். குடிசை, தீ, மறுபடி குடிசை. 1967க்குப் பிறகு வந்த தி.மு.க. ஆட்சியில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, 1971இல் சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது வாரியத்தின் முழக்கம். கிண்டல் செய்வது எளிது. நான் செய்ய மாட்டேன். அந்தக் காலத்து வீடுகளுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது: குடிசை இருந்த இடத்திலேயே கட்டினார்கள். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. சின்னதுதான், ஒழுகத்தான் செய்தது. ஆனால் வேலை கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூடம் அதே தெருவில், சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி அதே பக்கத்து வீட்டில். தாத்தா பெயருக்கு ஒதுக்கீட்டு ஆணை வந்த நாளில் ஆயா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாம். “எரியாத வூடு” என்றுதான் அதற்குப் பெயர் வைத்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிலர் அப்படித்தான் சொல்கிறோம்.

அந்த பிளாக்குகளில்தான் நான் வளர்ந்தேன். மாடிப்படிதான் எங்களுக்குத் திண்ணை. அடி பம்புக்குக் குடம் வரிசை, தண்ணீர் லாரி வந்தால் ஓட்டம். கீழே அம்பேத்கர் மன்றம். ஒரு பலகை, ஒரு படம், ஒரு கேரம் போர்டு, சாயங்காலம் ட்யூசன். எனக்கு ஆறாம் வகுப்பு கணக்குச் சொல்லித் தந்த அண்ணன் பகலில் மூட்டை தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால். யாராவது செத்துப்போனால் ராத்திரி முழுக்கக் கானா. செத்தவருடைய குணம், குடி, கடன், காதல் எல்லாம் அதில் வரும். கையறுநிலை பற்றிப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் பிளாக்கின் ஷாமியானா.

1996இல் மில் மூடியது. எனக்கு அப்போது ஏழு வயது. நைனா அங்கே வேலையில் இருந்தார். வேலை போன பிறகு மீன்பாடி வண்டி ஓட்டினார், சவுக்கு மரம் ஏற்றினார், கடைசியில் வாட்ச்மேன். மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த வரை அம்மா வீட்டு வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கீழ்ப்பாக்கத்தில் மூன்று வீடு. மில் இடம் குடோன் ஆனது, பிறகு சினிமா ஷூட்டிங் எடுக்கும் இடமானது. ரவுடி ஒளிந்திருக்கும் பாழடைந்த ஆலை என்றால் பெரும்பாலும் எங்கள் தாத்தா நூல் நூற்ற இடம்தான். அந்த ரவுடியும் எங்கள் பகுதிக்காரனாகத்தான் இருப்பான். இரண்டு செலவும் மிச்சம். 2014இல் மெட்ராஸ், 2021இல் சார்பட்டா பரம்பரை என்று பா. ரஞ்சித் படங்கள் வந்த பிறகுதான் எங்கள் பையன்கள் திரையில் படிக்கவும், காதலிக்கவும், பயிற்சி எடுக்கவும் செய்தார்கள். இன்றைக்கு அந்த மில் நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. நைனா அந்த வாசல் வழியாகப் பஸ்ஸில் போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்.

முகவரி பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் பிழை திருத்தும் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியாக விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தவர், “புளியந்தோப்பா? ஹவுசிங் போர்டா?” என்றார். பிறகு ஒரு சிரிப்பு. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. என்னோடு படித்த பிள்ளைகள் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் ‘பெரம்பூர் சைடு’, இன்னும் நெருக்கிக் கேட்டால் ‘புரசைவாக்கம் பக்கம்’. கிராமத்தில் தெருப் பெயரைக் கேட்டால் சாதி தெரியும். இங்கே பின்கோடு. நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று அம்பேத்கர் நம்பினார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார் அவர். நகரம் உங்களை எந்த மூலையில் நிறுத்தும் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

இப்போது வரப்போகிற காலத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1970களில் இருந்த இடத்திலேயே வீடு கட்டிய கை, 2000க்குப் பிறகு வேறு திசையில் நீண்டது. அந்த வருசம் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள், ஆயிரக்கணக்கில் வீடுகள். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைச் சனங்களை லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே சதுப்புநிலப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கள் சின்னத்தை குடும்பம் அப்படிப் போனது. சின்னத்தை தொட்டியில் குடல் கழுவுகிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ் வரும்? வேலை போனது. பெரியவன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினான். இரண்டு வருசம் கழித்துச் சின்னத்தை எங்கள் வீட்டு வராந்தாவில் வந்து படுத்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குப் போக ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ‘சொந்த வீட்டுக்கு’ப் போய்த் துணி துவைத்துவிட்டு வரும்.

இருந்த இடத்திலேயே கட்டித் தருகிற வழியும் முழுக்க அடைபட்டுவிடவில்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு ஒன்பது மாடிகளில் புதிதாகக் கட்டினார்கள். 2020 கொரோனா காலத்தில் அது சிகிச்சை மையமாக இருந்தது. 2021 ஆகஸ்ட்டில் மக்கள் குடியேறிய கொஞ்ச நாளிலேயே, சுவரைக் கையால் தேய்த்தால் பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தார்கள். சட்டமன்றத்தில் பேச்சு நடந்தது, ஐஐடி ஆய்வு செய்தது, பொறியாளர்கள் மேல் நடவடிக்கை வந்தது. அதே மாதங்களில் வாரியத்தின் பெயரும் மாறி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடிசை என்ற சொல் போனது நல்லதுதான். ஆனால் சுவர் உதிர்ந்த செய்தியைப் பேசிய யாரும் இன்னொன்றைப் பேசவில்லை. அங்கே ஒரு பெண் கேமரா முன்னால் விரலால் சுவரைச் சுரண்டிக் காட்டவில்லை என்றால் என்ன நடந்திருக்கும்? வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு என்பதுதானே இத்தனை வருசமும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த விரலை நான் ஒரு அரசியல் செயலாகப் பார்க்கிறேன்.

எங்கள் பிளாக்கையும் இடிக்கப் போவதாக இப்போது பேச்சு. கட்டடம் ஐம்பதைத் தாண்டிவிட்டது, கம்பி தெரிகிறது, இடிக்கத்தான் வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இடித்தால் யாருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பழைய கணக்கில் ஒரு கதவுக்கு ஒரு வீடு. தாத்தா காலத்தில் ஒரு கதவுக்குள் ஒரு குடும்பம். இப்போது எங்கள் கதவுக்குள் ஆயா, நைனா அம்மா, நான், தம்பி, அவன் பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள், வராந்தாவில் சின்னத்தை. கதவை எண்ணினால் ஒன்று. அடுப்பை எண்ணினால் மூன்று. மிச்சம் இரண்டு அடுப்பு எங்கே போகும்? பெரும்பாக்கம் தயாராக இருக்கிறது.

ஒதுக்கீட்டு ஆணை தாத்தா பெயரில். தாத்தா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருசம். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. எங்கள் படிக்கட்டில் பாதி வீட்டுக்கு இதுதான் நிலைமை. இடித்துவிட்டுக் கட்டுகிற வரைக்கும் வாடகைக்குப் போக வேண்டும். புளியந்தோப்பு போர்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் யார் வீடு கொடுப்பார்கள், மாட்டுக்கறி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையில்லாமல்? ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றால் ஆயா தொட்டிப் பக்கம் வெற்றிலை வாங்கப் போக முடியுமா? லிஃப்ட் பராமரிப்புக் காசு யார் தருவது? இதை எல்லாம் கேட்டால் ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்கிறார்கள்.

வளர்ச்சி வந்துகொண்டுதான் இருக்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கியது. நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போகிற தடத்தில் ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பேரக்ஸ் சாலை என்று எங்களைச் சுற்றியே நிலையங்கள். அதே தடம் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று போகிறது. வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. எங்கிருந்து சனங்களை ஏற்றினார்களோ அந்த இடத்தையும், எங்கே இறக்கினார்களோ அதற்குப் பக்கத்து ஊரையும் ஒரே கோடு இணைக்கிறது. “மெட்ரோ வந்தா நீ தொட்டிக்கு ஈசியா வரலாம் சின்னத்தை” என்றான் தம்பி. “ரெண்டு மணிக்கு வுடுவானா?” என்று கேட்டது அது.

நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறுகிற நிலத்தில் நாம் இருப்பதை யாருக்கும் பொறுக்காது. தாழ்வான நிலம், நாற்றம், ரவுடி ஏரியா என்ற பேச்சே நம்மை நூறு வருசம் அங்கே விட்டு வைத்திருந்தது. இப்போது அந்தப் பேச்சே அப்புறப்படுத்தவும் உதவும். அதனால் நாங்கள் பயப்படுகிறோம், பயத்தோடு கணக்கும் எடுக்கிறோம்.

மன்றத்தில் கூடிப் பேசினோம். அதிகாரி வந்து கதவை எண்ணுவதற்கு முன்னால் நாங்களே அடுப்பை எண்ணிவிட வேண்டும் என்று முடிவானது. ஒரு நீளமான லாங்-சைஸ் நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு கதவு. உள்ளே எத்தனை குடும்பம், எத்தனை வருசமாக, ரேஷன் கார்டு, ஆதார், வேலை எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம். புது வீடு பெண்கள் பெயரில் வேண்டும் என்று கையெழுத்து. அதற்கு மட்டும் ஆம்பளைகளிடம் முணுமுணுப்பு. தம்பியும் முணுமுணுத்தான், அவன் பெண்டாட்டி ஒரு பார்வை பார்த்ததும் போட்டுவிட்டான். ஆயாவிடம் எத்தனை வருசமாக இங்கே இருக்கிறீர்கள் என்று நோட்டு எழுதுகிற பெண் கேட்டாள். ஆயா யோசிக்கவே இல்லை. “எம் மாமியா சட்டி ஒடஞ்ச வருசத்துக்கு முந்தியே கீறோம்னு எழுது.” அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். 1921க்கு முன் என்று எழுதச் சொன்னேன்.

எங்கள் படிக்கட்டில் எட்டுக் கதவு, பத்தொன்பது அடுப்பு. இன்னும் இரண்டு படிக்கட்டு பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம். சனி ராத்திரி தொட்டிக்குப் போகிறவர்கள் தூங்கி எழ மத்தியானம் தாண்டும். அதனால் நாலு மணிக்கு மேல்தான் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.